சத்தத்துக்குப் பின்னால் சொன்ன செபம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வசனம் நேராக வராது. ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் இன்னொன்று நினைவுக்கு வரும், திரும்பிப் பார்த்தால் முதல் சொன்னது மறந்துபோயிருக்கும். இதை எழுதச் சொன்னது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாய். கோயில் வாசலிலும் சந்தையிலும் ஆட்கள் அவளை மறித்து, "மகளுக்கு என்ன வைத்தியம் செய்தனீங்கள்" என்று கேட்கிறார்களாம். "நீங்கள்தானே அக்கா பக்கத்தில இருந்தனீங்கள், நீங்களே எழுதுங்கோ" என்றாள். எனக்கு ஆட்களோடு கதைப்பதை விட எழுதுவது கொஞ்சம் லேசு. அதனால் ஒப்புக்கொண்டேன்.

பாலையூற்றில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். பிள்ளையின் தகப்பன் துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகில் வேலை. ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. தாய் பட்டணத்தில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். சொந்தம் ஒன்றும் இல்லை.

அவள் ஏழாம் வகுப்பில் இருக்கும்போது கண் சிமிட்டத் தொடங்கினாள். போன் பார்க்கிற வேலை என்று தகப்பன் போனைப் பறித்து வைத்தார். கண் டொக்டர் கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு சிமிட்டல் குறைந்தது, கழுத்து இழுக்கத் தொடங்கியது. கடலில் குளித்துவிட்டுக் காதுக்குள் போன தண்ணீரைத் தட்டுகிற மாதிரித் தலையை ஒரு பக்கம் வெட்டுவாள். அதன் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. "ஹுக்" என்று. வயிற்றில் யாரோ குத்தினால் வருகிற சத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற மணி அடித்து, கோயில் முழுவதும் அடங்கிக் கிடந்தபோது அது வந்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். முன் வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. ஒரு தரம் என்றால் பரவாயில்லை, அவள் அடக்க அடக்க அது கூடிக்கொண்டே வந்தது. பின்னால் நின்ற ஒரு பெண் குனிந்து, "பிள்ளையை வெளியில கூட்டிக்கொண்டு போங்கோவன், தண்ணி கொடுங்கோ" என்றாள். பிள்ளை தன் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் அதற்குப் பிறகு கன நாள் கோயிலுக்கு வரவில்லை.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் முறைப்பாடு சொல்லுகிறார்கள் என்று வகுப்பு ரீச்சர் தாயைக் கூப்பிட்டுச் சொன்னாராம். சத்தம் அடங்கும்வரை வீட்டில் வைத்திருங்கள், விடுமுறை முடிந்து அடுத்த தவணைக்குப் பார்ப்போம் என்று. பள்ளிக்கூடத்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. களவெடுத்தாளா, ஆரையும் அடித்தாளா? தகப்பன் அன்று வேலியடியில் நின்று சொன்னார், "அடுத்த தவணைக்கும் சரிவராட்டி நிப்பாட்டிப்போட்டுத் தையலுக்கு விடுவம். நான் என்ன செய்ய?"

படிப்பு நின்றால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு இந்த வயதிலும் ஒரு அரசாங்கக் கந்தோர் வாசலுக்குப் போனால் கால் கூசும், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடுவேன். அந்தப் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி. என் மின்சாரப் பில்லில் இருக்கிற பிழையைக் கண்டுபிடிக்கிறவள். அவள் என்னைப் போல வாசலில் நின்று திரும்ப வேண்டுமா என்றுதான் எனக்கு இருந்தது.

தாய் அவளை ஆசுபத்திரியில் பிள்ளைகள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். டொக்டர் ஒரு பெண். அதற்கு இங்கிலிசில் 'ரிக்' என்று ஒரு சின்னப் பெயர் சொன்னார். "இது கெட்ட பழக்கம் இல்லை அம்மா. பேயும் இல்லை. பிள்ளை வேணுமெண்டு செய்யிறதும் இல்லை. மூளை அனுப்புற ஒரு உந்தல்" என்றார். குளிசை எழுதுவார் என்று தாய் மருந்துத் துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டு இருந்தாள். அவர் எழுதவில்லை. முதலில் ஒரு பயிற்சி செய்து பார்ப்போம், அதைச் செய்விக்கிற ஆள் இங்கே இல்லை, கொழும்பில் ஒரு தமிழ் மிஸ் இருக்கிறார், இணையத்தில் வீடியோவில் செய்விப்பார் என்றார்.

நான் பகிடி என்றுதான் நினைத்தேன். நோய்ப்பட்ட பிள்ளையைத் தொடாமல், நாடி பிடிக்காமல், கண்ணாடிக்குள் இருந்து கதைத்துச் சுகப்படுத்துவதா. தகப்பனுக்கு வந்த சிரிப்பு அடங்கவில்லை. "ரீவியில பூசை பாத்துக்கொண்டு நாக்கை நீட்டினா நன்மை அப்பம் விழுமோ அக்கா?" என்று கேட்டார். "சும்மா இருங்கோ" என்றாள் தாய். ஆனால் அவளுக்கும் நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவர்கள் வீட்டில் இரவு வேலை முடிந்து வந்து தகப்பன் படுத்திருப்பார், போனில் டேட்டாவும் நில்லாது. என் மகன் வெளிநாட்டில் இருந்து எனக்கு இணைய இணைப்பு எடுத்துத் தந்து, பெரிய போன் மாதிரி ஒரு ரப்பும் அனுப்பியிருந்தான். அதில் அவன் முகத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அப்படித்தான் அந்த வைத்தியம் என் முன்னறைக்கு வந்தது. பிள்ளையோடு பெரிய ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் கட்டளை. முதல் நாள் தாய் லீவு எடுத்து நின்றாள். நான் அடுப்படியில், குசினித் திரைக்குப் பின்னால் நின்றேன்.

மிஸ் மிகவும் சின்ன வயது. என் மகனை விட இளையவராக இருப்பார். தலைமயிரைக் கட்டிப் பின்னால் விட்டிருந்தார். பிள்ளையை நீங்கள் என்றுதான் கூப்பிட்டார். பள்ளிக்கூடம், நண்பிகள், பிடித்த சாப்பாடு என்று கொஞ்ச நேரம் கதைத்தார். பிறகு, "அந்தத் திரைக்குப் பின்னால ஆரோ நிக்கினம் போல, கால் தெரியுது. வந்து இருங்கோ அம்மா" என்றார். எனக்கு வெட்கத்தில் உடம்பு முழுக்க வேர்த்தது. வந்து கதிரை நுனியில் இருந்தேன்.

அவர் பிள்ளையைப் பார்த்துக் கேட்டார், "தொண்டையில வாற சத்தம், வாறதுக்கு முதல் உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாவைப் பாக்காதேங்கோ. அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

"முள்ளு மாதிரி" என்றாள் பிள்ளை. "மீன் முள்ளுத் தொண்டையில நிக்கிற மாதிரி வரும். சத்தம் போட்டாப் போயிடும். பிறகு திரும்பவும் வந்து நிக்கும்."

தாய் அவள் பக்கம் திரும்பினாள். "ஏன் பிள்ள இதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லையே. சத்தம் போடாத, சத்தம் போடாத எண்டுதானே சொன்னனீங்கள்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவள் அந்த முள்ளோடு இவ்வளவு காலம் எங்களுக்கு நடுவில் இருந்து சோறு தின்றிருக்கிறாள். அந்த நேரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. மிஸ் திடுக்கிட்டு, "அது என்ன சத்தம்" என்று கேட்டார்.

"கப்பல், மிஸ்" என்றாள் பிள்ளை. "அதை ஒருத்தரும் வீட்டில இரு எண்டு சொல்லேல்ல."

மிஸ் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. நான் அந்தப் பிள்ளை அப்படிக் கதைத்துக் கேட்டதே இல்லை.

பிறகு எதை முதலில் திருத்துவோம் என்று மிஸ் கேட்டார். தாய் முந்திக்கொண்டு, "சத்தம்தான் மிஸ். பள்ளிக்கூடத்தில அதுதானே பிரச்சினை" என்றாள். மிஸ் கையால் பொறுங்கள் என்று காட்டிவிட்டுப் பிள்ளையிடம் கேட்டார். "கழுத்து" என்றாள் அவள். "படுக்கேக்க நோகும். ஒரு பக்கம் திரும்ப ஏலாது." அதுவும் எங்களுக்குத் தெரியாது. தவணை தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை. ஆனாலும் மிஸ் கழுத்தில்தான் தொடங்கினார். நோகிறவள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

அவர் செய்வித்ததை எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். முதலில் கழுத்தை நிற்பாட்டச் சொல்லவில்லை. இழுவை வரப்போகிறது என்று தெரிந்தவுடன் விரலைத் தூக்குங்கள், அவ்வளவுதான் என்றார். பிள்ளை விரலைத் தூக்கினால், "ஆ, பிடிச்சிட்டீங்கள், கெட்டிக்காரி" என்பார். பிந்தித் தூக்கினால், "இது தப்பியிட்டுது, அடுத்ததைப் பிடிப்பம்" என்பார். பிள்ளை கழுத்தை வெட்ட வெட்ட ஒருவர் கெட்டிக்காரி என்று மெச்சுகிறார், எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் இருந்தது. இதைத்தான் நாங்கள் எல்லோரும் செய்யாதே செய்யாதே என்று கத்தினோம். இரண்டாவதுதான் மாற்றுச் செயல். உந்தல் தெரிந்தவுடன் நாடியை, அதாவது முகவாயை, கொஞ்சம் கீழே இறக்கி, கழுத்துத் தசையை மெல்ல இறுக்கி, அந்த உந்தல் தானாகப் போகும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். பார்த்தால் பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிற மாதிரித்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

கழுத்து ஓரளவு அடங்கியது. நான் கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைத்ததால் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சத்தத்துக்கு வந்தோம். முள்ளு வந்தவுடன் வாயை மூடி, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து மெல்ல விட வேண்டும். இது அவ்வளவு லேசாக வரவில்லை. மிஸ்ஸோடு இருக்கும்போது செய்வாள். அவர் போனவுடன் திரும்பவும் "ஹுக்". மிஸ்ஸுக்கு அது ஏன் என்று பிடிபடவில்லை. ஒருநாள், பிள்ளை நண்பிகளிடம் கேட்டு வாங்கிய வீட்டுப்பாடம் செய்கிற நேரம் ரப்பை அலுமாரி மேல் வைத்துவிடுங்கள், நான் கதைக்கமாட்டேன், தாயிடம் கேட்டிருக்கிறேன், பதிந்து பார்ப்பேன் என்றார். நான் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது அங்கே இருப்பதையே மறந்துபோனேன்.

அடுத்த முறை அவர், "பெரியம்மா, சத்தம் வந்தவுடன நீங்கள் பிள்ளைக்கு என்ன சொல்லுறனீங்கள்?" என்று கேட்டார்.

"நான் ஒண்டும் சொல்லுறேல்ல மிஸ். நான் என்ர பாட்டில இருப்பன்."

"ஒருக்காப் பாப்பமோ" என்று படத்தைப் போட்டார்.

என்னை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. முதுகு வளைந்த ஒரு கிழவி உள்ளி உரித்துக்கொண்டு இருக்கிறாள். மேசையில் பிள்ளை எழுதுகிறாள். "ஹுக்". கிழவியின் கை உள்ளியை விட்டுவிட்டுப் போகிறது. பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போடுகிறது. "சேசுவே". திரும்ப உள்ளிக்கு வருகிறது. "ஹுக்". திரும்பக் கை. "சேசுவே". நான் குசினிக்கு எழுந்து போகிறேன். "ஹுக்". நான் குசினியில் இருந்து ஓடி வருகிறேன்.

எங்கள் ஆட்களின் வீடுகளில் பிள்ளை தும்மினால், திடுக்கிட்டால், பக்கத்தில் இருக்கிற பெரியவர் சேசுவே என்று நெற்றியில் சிலுவை போடுவது வழக்கம். என் தாய் போட்டாள், நான் என் மகனுக்குப் போட்டேன். யாரும் யோசித்துச் செய்வதில்லை. இந்தப் பிள்ளையின் சத்தத்துக்கும் என் கை தன்பாட்டில் போயிருக்கிறது. எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே செய்தேன் என்பதுதான் என்னை உலுக்கியது. அவளுக்குச் சத்தம் எப்படி வந்ததோ அப்படியே எனக்குக் கை போயிருக்கிறது.

அதைவிட இன்னொன்று. மிஸ் ஒரு இடத்தில் படத்தை நிறுத்திக் காட்டினார். சத்தம் வந்தவுடன் பிள்ளை எழுதுவதை விட்டுவிட்டு, என் கை வருவதற்கு முதலே நெற்றியை நீட்டுகிறாள். கண்ணை மூடிக்கொண்டு நீட்டுகிறாள்.

பிள்ளையும் அதைப் பார்த்தாள். "ஐயோ, நான் மாட்டுக்கண்டு மாதிரி" என்றாள் மெல்ல.

"ஒருத்தரும் பிழை செய்யேல்ல" என்றார் மிஸ். "ரிக் உங்களால வந்ததும் இல்லை பெரியம்மா. ஆனா அது வந்தவுடன அன்பும் வருகுது, வீட்டுப்பாடத்தில இருந்து ஒரு ஓய்வும் வருகுது. மூளை அதைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். பிள்ளை வேணுமெண்டு செய்யிறேல்ல, மூளை தன்ர பாட்டில பழகும். கத்தினாலும் அப்பிடித்தான், செபிச்சாலும் அப்பிடித்தான். சத்தம் வந்தா ஒண்டும் நடக்காத மாதிரி இருங்கோ."

நான் கேட்டேன், "கடவுளின்ர பேரைச் சொல்லாம விடச் சொல்லுறீங்களோ மிஸ்?"

"இல்லை. நல்லாச் சொல்லுங்கோ. காலமை வரேக்க போடுங்கோ, வீட்டுக்குப் போகேக்க போடுங்கோ. சத்தத்துக்குப் பின்னால மட்டும் வேண்டாம்."

அன்று தகப்பன் வேலைக்குப் போகிற வழியில் வேலியால் எட்டிப் பார்த்து, "இப்ப சேசுவுக்கும் டியூட்டி நேரம் போட்டிட்டினமாம்" என்றார். நான் சிரிக்கவில்லை. நான் அன்று ஒன்றும் சமைக்கவில்லை. பிள்ளைக்கு நல்லது என்று செய்தது எதிராக நின்றிருக்கிறது. வெளியில் இருந்து ஒருவர் கண்ணாடிக்குள்ளால் பார்த்துச் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.

ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பது எழுத லேசு. நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். "ஹுக்" என்றால் நாக்கு பல்லில் வந்து நிற்கும், விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்ப்பேன். பிள்ளைக்கும் எல்லாம் விளங்கப்படுத்தித்தான் இருந்தது. ஆனாலும் முதல் நாளே சத்தம் வந்ததும் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. திரும்ப வந்தது. நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தால், "பெரியம்மா, என்னோட கோவமோ?" என்று கேட்டாள்.

"இல்லப் பிள்ள. மிஸ் சொன்னது."

"தெரியும். சும்மா கேட்டனான்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அந்த மிஸ்ஸின் மேல் அப்போது வந்த கோபத்தை எழுதக் கூடாது.

சத்தம் குறையவில்லை, கூடியது. தாய் பயந்துவிட்டாள். "அக்கா, இது கையை விட்டுப் போகுது போல. தவணை தொடங்கப் போகுதே" என்றாள். மிஸ்ஸிடம் சொன்னபோது அவர், முதலில் அப்படிக் கூடலாம், பொறுத்திருங்கள் என்றார். நாங்கள் பொறுத்திருந்தோம் என்று சொல்ல ஏலாது. வேறு வழி தெரியாமல் இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் மிஸ் இன்னும் சில பிள்ளைகளையும் ஒன்றாகத் திரையில் கூட்டினார். திரை பெட்டி பெட்டியாகப் பிரிந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிள்ளை. ஒன்று மூக்கைச் சுருக்குகிறது, ஒன்று தோளைத் தூக்குகிறது, ஒன்று தொண்டையைச் செருமுகிறது. நான் திகைத்துப்போனேன். உலகத்தில் இந்த ஒரு பிள்ளைக்குத்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அதில் ஒருத்தி கிண்ணியாப் பிள்ளை. பாலம் தாண்டினால் கிண்ணியா. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் தெரியாமல், கொழும்பு வழியாகச் சந்திக்கிறார்கள்.

"உனக்கு என்ன?" என்று கேட்டாள் கிண்ணியாப் பிள்ளை.

"தொண்டையும் கழுத்தும். உனக்கு?"

"தோளு. முந்திக் கண்ணு. ஒரு மாசம் முழுக்க ஒத்தக் கால்ல குதிச்சும் இருக்கன்."

"பள்ளிக்கூடத்திலயோ?"

"ஓம், அசெம்பிளியில. நடனம் பழகுறன் எண்டு சொல்லிட்டன்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது எங்கள் பிள்ளையின் தோளும் ஒரு தரம் மேலே போனது. நான் பயந்தே போனேன். இது தொற்றுகிறதா. மிஸ் உடனே, "அடுத்த ஆளின்ரதைப் பாத்தா அப்பிடி வரும், பிறகு போயிடும், பயப்பிடாதேங்கோ" என்றார். போய்விட்டது.

கிண்ணியாப் பிள்ளையின் தாயும் பக்கத்தில் இருந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு கேட்டாள், "மிஸ், எங்கட வூட்டுல ஒவ்வொரு தரமும் ஓதி ஊதித்தான் உடுவம். எண்ட மாமி தண்ணி ஓதி வெச்சிக்கிட்டே திரிவா. இப்ப ஊதவும் வேணாமெண்டா மாமிக்கு எப்பிடிச் சொல்ற? என்னய வூட்ட விட்டுத் தொரத்துவா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் வந்தது. "எங்கட வீட்டிலயும் அதே கதைதான்" என்று சொல்லிவிட்டேன். ஆட்கள் நிறைந்த திரைக்குள் நானாக வாய் திறந்த முதல் தடவை அது.

"நீங்க என்ன ஓதுவீங்க அக்கா?" என்று கேட்டாள்.

"சேசுவே எண்டு சிலுவை போடுவன்."

"அல்லாவே" என்றாள். "மேல ரெண்டு பக்கத்தாலயும் ஆள் பிடிச்சிருக்கம்."

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது. கையைத் தொடைக்குக் கீழே வைக்க வேண்டிய தேவையும் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. சத்தம் குறையத் தொடங்கியது எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, மேசைப் பக்கம் அமைதியாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். பிள்ளை வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்த் துருவினேன்.

ஆனால் முற்றாக நிற்கவில்லை. தவணை தொடங்குகிற கிழமையும் வந்துவிட்டது. மிஸ் சொன்ன யோசனை எங்களுக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. பிள்ளை ஒளிக்காமல் வகுப்பில் எழுந்து நின்று தானே சொல்ல வேண்டும், எனக்கு இப்படி ஒன்று இருக்கிறது, பார்க்காமல் விடுங்கள் என்று. அதிபருக்குத் தானும் போனில் விளங்கப்படுத்துவதாகச் சொன்னார்.

"ஊர் முழுக்கத் தெரிஞ்சுபோம் மிஸ்" என்றாள் தாய். "நாளைக்கு இவளுக்குக் கலியாணம் பேசேக்க..."

தகப்பன் அன்று பகல் வேலை முடித்து வந்து என் வாசற்படியில் இருந்தார். அவர் மிஸ்ஸோடு ஒருநாளும் கதைத்ததில்லை. "எழுந்தேற்றத்தில முழுக் கோயிலும் கேட்ட சத்தம் இனி ஆருக்குத் தெரியவேணும்?" என்றார் தாயைப் பார்த்து. "பிள்ளை கதைக்கட்டும். கதைக்காம இருந்து என்னத்தைக் கண்டம்?"

அவர் அப்படிச் சொல்லுவார் என்று நான் நினைக்கவே இல்லை. தையலுக்கு விடுவோம் என்று சொன்ன ஆள்தானே.

பள்ளிக்கூடத்துக்குத் தாயும் நானும் போனோம். பிள்ளை என்னையும் வரச் சொன்னாள். அதிபர் முகம் கொடுத்துக் கதைத்தார், ஆனால் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. இன்று வகுப்பில் இருக்கட்டும், எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நாங்கள் யன்னலுக்கு வெளியே நின்றோம். தாயின் கை என் கையைப் பிடித்திருந்தது.

பிள்ளை முன்னால் போய் நின்றாள். "எனக்குத் தொண்டையில ஒரு சத்தம் வரும். நான் வேணுமெண்டு போடுறேல்ல. தொத்தாது. நீங்கள் திரும்பிப் பாத்தாக் கூட வரும். பாக்காட்டி எனக்கு லேசு" என்றாள். சொல்லி முடிக்க முதலே "ஹுக்" என்று வந்தது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

முன் வரிசையில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "நித்திரையிலயும் வருமோ?" என்று கேட்டது.

"இல்ல."

"பாட்டுப் பாடேக்க?"

"பாடேக்க வராது."

"அப்ப கணக்குப் பாடத்தில நீ பாடு. ரீச்சரும் பேசாம இருப்பா."

வகுப்பே சிரித்தது, ரீச்சரும் சிரித்தார். எங்கள் பிள்ளையும் சிரித்தாள். நான் எதிர்பார்த்தது கேலி. வந்ததும் கேலிதான், ஆனால் அதற்குள் அவளுக்கும் ஒரு இடம் இருந்தது.

பிறகு பாடம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ரீச்சர்தான் திடுக்கிட்டு நின்றார். பிள்ளைகள் ஒருவரும் தலை தூக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்கள். ரீச்சர் அவர்களைப் பார்த்தார், திரும்பித் தானும் எழுதினார். பெரிய ஆட்கள் நாங்கள் இவ்வளவு நாள் படித்தும் வராததை அந்தப் பிள்ளைகள் ஒரே காலையில் செய்தார்கள். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போகும்போது அதிபர் தாயிடம், "நாளைக்கும் அனுப்புங்கோ" என்றார்.

இப்போது அவள் போய்க்கொண்டிருக்கிறாள். சுகம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நேரான பதில் இல்லை. மிஸ் ஒருநாளும் முழுச் சுகம் என்று வாக்குத் தரவில்லை, இது வரும் போகும் என்றுதான் சொன்னார். பள்ளிக்கூடச் சோதனை நாட்களில் திடீரென்று மூக்கைச் சுருக்குகிற புதிய ஒன்று வந்தது. தாய் வேலியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, திரும்பத் தொடங்கியிட்டுது" என்று அழுதாள். பிள்ளை புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இதையும் பிடிப்பன். நீங்கள் இரண்டுபேரும் பாக்காம இருங்கோ, எனக்கு பஸ் போகப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எழுதிய பயிற்சி முறைகளில் பிழை இருக்கும். மூச்சை முதலில் இழுப்பதா விடுவதா, நாடியை இறக்குவதோடு வேறு ஏதும் செய்யச் சொன்னாரா, எனக்கு இப்போது நிச்சயமில்லை. மிஸ் சொன்னவற்றையும் என் வாய்க்கு வந்த மாதிரித்தான் எழுதியிருக்கிறேன். இதை வாசித்துவிட்டு இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளையின் கழுத்தில் தாங்களாகச் செய்து பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே, இதை மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முதல் அந்த வேலை தெரிந்த ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, பிழையானதை வெட்டி, சரியானதை எழுதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.